நான்கு ஸ்பிரிங் விரல் பயிற்சிக் கருவி: அக்கார்டியன் வாசிப்பவருக்கு எவ்வளவு உதவும்?

உள்ளங்கையில் அடங்கும் சிறிய சட்டம், அதன்மேல் தனித்தனி ஸ்பிரிங்குகளில் ஏறி இறங்கும் நான்கு பொத்தான்கள், அடியில் உள்ளங்கை பதிவதற்கு வளைவான ஒரு திண்டு: இவ்வளவுதான் இந்தக் கருவி. கிதார் வாசிப்பவர்களுக்கும் பாறையேறுபவர்களுக்கும் விற்கப்பட்டு வந்த இது, இப்போது கட்டைகளையும் பொத்தான்களையும் விரலால் இயக்கும் எல்லா இசைக்கருவிகளுக்கும் ஏற்றது என்று உறையில் அச்சிடப்பட்டு வருகிறது. அந்தப் பட்டியலில் அக்கார்டியனும் இருக்கிறது. அக்கார்டியன் வாசிப்பவர்களுக்கு இதைப் பொதுவாக நான் பரிந்துரைக்க மாட்டேன். இடது கைக்கு மட்டும், அதுவும் மிக இலகுவான ஸ்பிரிங் கொண்ட வகையில், ஓரளவு பயன் இருக்கிறது. வலது கைக்கு இதனால் கிடைப்பது மிகக் குறைவு. தவறாகப் பயன்படுத்தினால் கெடுதலும் உண்டு. இந்த முடிவுக்கு நான் வந்த காரணங்கள் கருவியின் தரத்தைப் பற்றியவை அல்ல என்பதால், தரத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

கட்டுமானம் நன்றாகவே இருக்கிறது. பொத்தான்கள் பக்கவாட்டில் ஆடுவதில்லை, ஸ்பிரிங் கிறீச்சிடுவதில்லை, திண்டின் விளிம்பு உள்ளங்கையை அறுப்பதில்லை. எதிர்ப்பு அளவு நிறத்தால் வேறுபடுத்தப்பட்டிருக்கிறது. குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை: ஒரு கருவியில் நான்கு ஸ்பிரிங்குகளும் ஒரே அளவு விறைப்புள்ளவை. சுட்டுவிரலுக்கு எளிதாக இருக்கும் எதிர்ப்பு சுண்டுவிரலுக்குப் பளுவாகிவிடுகிறது. சுண்டுவிரலுக்குப் பொருத்தமான எதிர்ப்பைத் தேர்ந்தால் சுட்டுவிரலுக்கு வேலையே இல்லை. விரல்களின் வலு சமமில்லை என்பதற்காகவே வாங்கப்படும் ஒரு பொருள், அவற்றைச் சமமாகக் கருதி வடிவமைக்கப்பட்டிருப்பது விந்தைதான்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். அக்கார்டியனில் விரல் வலு எதற்குத் தேவைப்படுகிறது? பியானோவில் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோமோ அவ்வளவு உரக்க ஒலி எழும். சுத்தியல் கம்பியைத் தாக்கும் வேகம் விரலிலிருந்து வருகிறது. அக்கார்டியனில் கட்டை செய்வது ஒரே ஒரு வேலை: காற்றுத் துளையை அடைத்திருக்கும் மூடியைத் தூக்குவது. மூடி திறந்ததும் துருத்தியின் காற்று ரீட் எனப்படும் மெல்லிய உலோக நாக்கை அதிரச் செய்கிறது. ஒலியின் அளவைத் தீர்மானிப்பது துருத்தியின் அழுத்தம். கட்டையை அடிவரை இறக்கிய பிறகு அதன்மேல் எவ்வளவு பலம் செலுத்தினாலும் ஒலி கூடப்போவதில்லை. அந்தப் பலம் அடுத்த சுரத்துக்கு விரலைத் தாமதமாக்கும், அவ்வளவே.

கட்டையை இறக்கத் தேவையான விசையும் சிறியது. ஆனால் அது எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. துருத்தியை மூடும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் மூடிகளை வெளிப்புறமாகத் தள்ளுவதால் கட்டைகள் சற்று இலகுவாகின்றன. விரிக்கும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சல் மூடிகளைத் துளையோடு இழுத்துப் பிடிப்பதால் அவை சற்றுக் கனக்கின்றன. மூடிகளை அடைத்துவைக்கும் ஸ்பிரிங்குகள் மிக மெலிந்தவையாக இருக்கவும் கூடாது. இருந்தால், துருத்தியைப் பலமாக மூடும் நேரத்தில் அழுத்தாத கட்டைகளிலிருந்தும் காற்று கசிந்து மெல்லிய முனகல் கேட்கும். ஆகவே, கருவி செய்பவர் ஓர் எல்லைக்குள் விறைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்த எல்லையில் உள்ள எதிர்ப்பை வெல்ல நல்ல நிலையில் இருக்கும் எந்த வயதுவந்தவரின் விரலுக்கும் ஏற்கெனவே பலம் இருக்கிறது. பயிற்சிக் கருவியின் பொத்தானோ அக்கார்டியன் கட்டையைவிடப் பல மடங்கு விறைப்பானது. அது பயணிக்கும் தூரமும் கட்டை இறங்கும் தூரத்தைவிடப் பல மடங்கு அதிகம். சில மில்லிமீட்டர் இறங்கினாலே போதும் என்று விரல் கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில், இது முழுப்பிடியாக நசுக்கக் கற்றுக்கொடுக்கிறது.

அப்படியென்றால் பலருக்கும் 'விரலில் வலு இல்லை' என்ற உணர்வு ஏன் வருகிறது? அதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டைப்பலகை நிற்கும் நிலைதான். பியானோவின் கட்டைகள் கிடையாக இருப்பதால் புயத்தின் எடை விரல் வழியாகக் கட்டைக்குள் இறங்குகிறது. பியானோ ஆசிரியர்கள் பலர் கற்பிப்பதே அந்த எடையை இறக்கும் கலையைத்தான். அக்கார்டியனின் கட்டைப்பலகை செங்குத்தாக மார்போடு நிற்கிறது. தாழ்ந்த சுரங்கள் முகவாய்ப் பக்கமும் உயர்ந்த சுரங்கள் தரைப் பக்கமும் இருப்பதால், புயத்தின் எடை கட்டைக்குள் இறங்காமல் கட்டைப்பலகையின் நீளவாக்கில் சுண்டுவிரலை நோக்கிச் சரிகிறது. விரல் அழுத்துவதோடு, கையும் அந்தரத்தில் தன்னைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். வாசித்து முடித்ததும் முன்கையில் ஏற்படும் களைப்புக்கு இந்தத் தாங்கல்தான் பெரும்பாலும் காரணம். விரல் வலுவின்மை அல்ல. முழங்கையை உடலோடு ஒட்டி இறக்கிவைத்து மணிக்கட்டை மடிப்பவர்களுக்கு இது இன்னும் மோசமாகும். முழங்கையைச் சிறிது அகற்றி, முன்கையும் புறங்கையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருமாறு வைத்தால், அதே விரல்கள் அதே பாடலைச் சோர்வில்லாமல் வாசிப்பதைக் காணலாம். எந்த ஸ்பிரிங்கும் இதைச் செய்து தராது.

மோதிரவிரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கருவியை வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதை மனத்தில் வைத்தே வாங்குகிறார்கள். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை. அவை முன்கையில் இருந்து நீண்ட தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் ஓடும்போது, குறுக்கு இணைப்புகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. மோதிரவிரலின் தசைநாண் தன் இருபக்க அண்டைகளோடும் பிணைந்திருப்பதால், மற்ற விரல்களை ஊன்றிக்கொண்டு அதை மட்டும் உயரத் தூக்க முடியாது. இது பலவீனம் அல்ல, கையின் அமைப்பு. எவ்வளவு நசுக்கினாலும் அந்த இணைப்பு அறுந்துவிடாது, அறுபடவும் கூடாது. மேலும், இந்தக் கருவி மடக்கும் தசைகளுக்கு மட்டுமே வேலை தருகிறது. விரலை எழுப்பும் தசைகளுக்கு ஏதும் தருவதில்லை. அக்கார்டியனில் சுரம் எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிப்பதே விரல் எழும் கணம்தான். அழுத்துவதில் சிரமப்படும் மாணவர்களைவிட, எழுப்ப மறந்து இரண்டு சுரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒலிக்கவிடும் மாணவர்களே அதிகம்.

விரலுக்கு இயந்திரம் பூட்டும் ஆசை புதிதல்ல. லோஜியே என்பவர் 1814இல் கையை ஒரு சட்டத்துக்குள் பிடித்துவைக்கும் கைரோபிளாஸ்ட் என்ற சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றார்; 1830களில் பாரிஸின் பியானோ கலைஞர் ஆன்ரி எர்ஸ், ஸ்பிரிங்குகளில் தொங்கும் வளையங்களுக்குள் விரல்களை நுழைத்துப் பயிலும் டாக்டிலியோன் என்ற சாதனத்தை அறிமுகப்படுத்தினார். இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் தன் வலது கை விரலின் இயக்கத்தை இழந்து பியானோ கலைஞராகும் கனவைக் கைவிட்டதற்கும் இத்தகைய ஒரு சாதனம் காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது; உண்மைக் காரணம் என்ன என்பதில் மருத்துவ வரலாற்று ஆய்வாளர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை. இந்த ஆசையில் அக்கார்டியன் பங்குபெறத் தேவையே இல்லை. 1829இல் வியன்னாவில் சிரில் டெமியான் காப்புரிமை பெற்ற நாளிலிருந்தே, ஒலியின் பலத்தை விரலிடமிருந்து எடுத்துத் துருத்தியிடம் ஒப்படைத்துவிட்ட கருவி அது.

வலுவுக்காகத் தேடுபவர்களில் பலர் உண்மையில் தேடுவது சரியான விரல் வைப்பை. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வலது கை சி, டி, இ, எஃப், ஜி என்று ஏறி, எஃப்-ஜி என்ற இரண்டு சுரங்களுக்கிடையே விரைவான கமகத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருவிரலை ஒன்று என்றும் சுண்டுவிரலை ஐந்து என்றும் எண்ணினால், கை இயல்பாக 1, 2, 3, 4, 5 என்று விழும். கமகம் மோதிரவிரலிடமும் சுண்டுவிரலிடமும் போய்ச் சிக்கிக்கொள்ளும். அந்த இரண்டு விரல்களையும் ஆண்டுக்கணக்கில் ஸ்பிரிங்கில் அழுத்திப் பழக்கினாலும் அந்தக் கமகம் சுட்டுவிரலும் நடுவிரலும் தரும் தெளிவை எட்டுவது கடினம். மாறாக, சிக்கு ஒன்று, டிக்கு இரண்டு, இக்கு மறுபடி ஒன்று என்று பெருவிரலை அடியில் நுழைத்துவிட்டால், எஃப் சுட்டுவிரலுக்கும் ஜி நடுவிரலுக்கும் வந்து சேர்கின்றன. சிக்கல் வலுவைக் கூட்டாமலே தீர்ந்துவிடுகிறது. தாளில் பென்சிலால் மூன்று எண்களை மாற்றி எழுதும் வேலை அது.

அக்கார்டியனில் விரல் வைப்பு பியானோவைவிடக் கண்டிப்பானது என்பேன். பியானோவில் விரல் ஒரு கட்டையை விட்டு விலகிய பிறகும் பெடல் அந்த ஒலியைப் பிடித்துவைத்திருக்கும், இடைவெளி கேட்காது. அக்கார்டியனில் அப்படியொரு பெடல் இல்லை. விரல் எழுந்ததும் மூடி அடைகிறது, ஒலி அறுந்துவிடுகிறது. ஆகவே, இழைந்து செல்லும் மெட்டை இழைவாகவே கேட்கச் செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு சுரத்துக்கும் அடுத்த விரல் முன்கூட்டியே அதன் கட்டைமேல் காத்திருக்க வேண்டும். ஆர்கன் வாசிப்பவர்கள் செய்வதுபோல, அழுத்திய கட்டையை விடாமலே அதன்மேல் விரலை மாற்றிக்கொள்ளும் உத்தி இங்கே மிகவும் பயன்படுகிறது: நீண்ட சுரம் ஒன்று சுண்டுவிரலில் தொடங்கினால், அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஓசையின்றிப் பெருவிரலுக்கோ சுட்டுவிரலுக்கோ கைமாற்றிவிட்டால், மேலே செல்ல மூன்றோ நான்கோ விரல்கள் விடுபடுகின்றன. கறுப்புக் கட்டையிலிருந்து அடுத்துள்ள வெள்ளைக் கட்டைக்கு ஒரே விரலை வழுக்கி இறக்குவதும் அதைப் போன்றதே. ஒரே சுரம் விரைவாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் ஒரே விரலால் தட்டுவதைவிட 3, 2, 1 என்று விரல்களை மாற்றுவது மணிக்கட்டின் இறுக்கத்தைப் போக்கும்.

கட்டைகளின் அகலமும் கணக்கில் வர வேண்டும். பியானோவில் ஒரு ஸ்தாயி ஏறத்தாழ 16.5 செ.மீ.; முழு அளவு அக்கார்டியனில் அது ஏறத்தாழ 14 செ.மீ. அளவிலேயே இருக்கும். ஆகவே, பியானோவிலிருந்து வருபவர்களுக்கு ஸ்தாயியை எட்டுவது எளிதாகிறது. ஆனால் கறுப்புக் கட்டைகளுக்கிடையே விரலை நுழைப்பது தடித்த விரல்காரர்களுக்குச் சிரமமாகிறது. அவர்கள் விரல்நுனியை வளைத்து, கறுப்புக் கட்டைகளுக்கு முன்னால் நின்று வாசிக்கும் விரல் வைப்பையே தேட வேண்டும். இங்கேயும் நசுக்கும் வலு உதவாது.

பயிற்சிக் கருவியில் பெருவிரலுக்கு இடமே இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வலது கையின் விரல் வைப்பு முழுவதும் பெருவிரலைச் சுற்றியே சுழல்கிறது; அது எப்போது அடியில் நுழைகிறது, எப்போது மேலே தாண்டப்படுகிறது என்பதுதான் சுரவரிசைகளின் இரகசியம். எஃப் மேஜர் வரிசையில் நான்காவது சுரம் பி-ஃபிளாட் என்ற கறுப்புக் கட்டை என்பதால், 1, 2, 3, 4 என்று நான்கு விரல்களையும் செலவிட்ட பிறகே சியில் பெருவிரல் நுழைகிறது; சி மேஜரில் அதே நுழைவு மூன்றாவது விரலுக்குப் பின் எஃப்பிலேயே நடந்துவிடுகிறது. பெருவிரலின் இந்தப் பக்கவாட்டு நகர்வுதான் பயிற்சியால் மேம்படக்கூடியது. அந்த விரலை விட்டுவிட்ட கருவி வலது கைக்குரியதாக எப்படி இருக்க முடியும்?

இடது கையில் கதை வேறு. பேஸ் எனப்படும் தாழ்ந்த சுரங்களுக்கும் கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளுக்கும் தனித்தனிப் பொத்தான்கள் உள்ள ஸ்ட்ராடெல்லா முறையில் அமைந்த இடது பக்கத்தில், பெருவிரல் பொதுவாக வாசிப்பில் கலந்துகொள்வதில்லை. சுரம் எழாமல் துருத்தியை விரிக்கவும் மூடவும் உதவும் காற்றுப் பொத்தானை அழுத்துவதே அதன் வேலை. சுட்டுவிரல் முதல் சுண்டுவிரல் வரை நான்கு விரல்களே பேஸையும் கார்டுகளையும் வாசிக்கின்றன. நான்கு பொத்தான்கள் கொண்ட பயிற்சிக் கருவி இந்த நான்கு விரல்களுக்கு அச்சாகப் பொருந்துவது தற்செயல்தான் என்றாலும், பொருத்தம் பொருத்தமே. மேலும், இடது பக்கத்தில் ஒரு கார்டு பொத்தானை அழுத்தினால், உள்ளே கம்பிகளும் நெம்புகோல்களும் நகர்ந்து மூன்று சுரங்களின் மூடிகளை ஒருசேரத் தூக்குகின்றன. வலது பக்கத்தின் ஒற்றைக் கட்டையைவிட இதற்கு அதிக விசை தேவை. துருத்தியை இழுப்பதும் தள்ளுவதும் அதே கைதான். விரிக்கும்போது மணிக்கட்டின் புறம் பட்டையை வெளிப்புறமாகத் தள்ளுவதால், உள்ளங்கை பெட்டியை விட்டுச் சற்று விலகி, விரல்கள் எட்டிப் பிடித்து அழுத்த வேண்டியதாகிறது. ஓய்வே இல்லாமல் பேஸ்-கார்டு, பேஸ்-கார்டு என்று ஓடும் நடன இசையை நீண்டநேரம் வாசிப்பவர்களுக்கு, இங்கே தாங்கும் வலு உண்மையாகவே தேவைப்படுகிறது. இலகுவான ஸ்பிரிங்கில் மெதுவாக, விரலை முழுவதும் எழுப்பிவிட்டு மறுபடி அழுத்தும் பயிற்சியால், என் சுண்டுவிரல் துருத்திப் பக்கமாக உள்ள கவுண்டர்பேஸ் பொத்தான் வரிசையில் முன்பைவிட நிதானமாக அமர்கிறது. கருவிக்கு நான் தரும் பாராட்டு இது ஒன்றே.

ஆயினும், இடது கையிலும் விரல் வைப்பே முன்னால் நிற்கிறது. முழு அளவு கருவியின் 120 பொத்தான்கள் ஆறு நீண்ட வரிசைகளாகவும் இருபது சாய்ந்த குறுக்கு வரிசைகளாகவும் அமைந்துள்ளன. அடிப்படை பேஸ் வரிசையில் எஃப், சி, ஜி, டி என்று ஐந்தாம் சுர இடைவெளியில் முகவாய் நோக்கி ஏறுகிறோம். அதையடுத்துத் துருத்திப் பக்கமாக இருக்கும் கவுண்டர்பேஸ் வரிசையில் ஒவ்வொன்றுக்கும் உரிய மேஜர் மூன்றாம் சுரம் இருக்கிறது. இப்போது சுண்டுவிரலை எஃப்பின் குறுக்கு வரிசைக்கும், மோதிரவிரலைச் சிக்கும், நடுவிரலை ஜிக்கும், சுட்டுவிரலை டிக்கும் ஒதுக்குங்கள். எஃப்பும் ஏயும் சுண்டுவிரலுக்கு, சியும் இயும் மோதிரவிரலுக்கு, ஜியும் பியும் நடுவிரலுக்கு, டி மட்டும் சுட்டுவிரலுக்கு என்று சி மேஜரின் ஏழு சுரங்களும் கையை நகர்த்தாமலே விரலடியில் வந்துவிடுகின்றன. சியிலிருந்து ஏறினால் 4, 2, 4, 5, 3, 5, 3, 4. ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு முறை வருவதே இல்லை. எல்லா மேஜர் சுரவரிசைகளுக்கும் இதே வடிவம்தான். கையைச் சாய்ந்த வரிசைகளில் மேலோ கீழோ நகர்த்தினால் போதும். இந்த அழகான ஏற்பாட்டில் சுண்டுவிரலுக்கு இரண்டு சுரங்கள் உண்டு என்பதால், அந்த விரலை ஒதுக்கிவைத்தே பழகியவர்கள் எந்த மெட்டையும் இடது கையில் எடுக்கத் திணறுவார்கள்.

பேஸ்-கார்டு தாளத்தில் வழக்கமான விரல் வைப்பு, அடிப்படை பேஸுக்கு மோதிரவிரல், கார்டுக்கு நடுவிரல், மாற்று பேஸுக்கு (ஐந்தாம் சுரத்துக்கு) சுட்டுவிரல் என்பது: 4, 3, 2, 3. பேஸுக்கு நடுவிரலும் கார்டுக்குச் சுட்டுவிரலும் வைப்பவர்களும் உண்டு. வலுவான விரல்கள் என்பதால் தொடக்கத்தில் அது இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் மாற்று பேஸ் வந்ததும் சுட்டுவிரல் கார்டை விட்டுத் தாவ வேண்டியிருப்பதால் கை ஆடத் தொடங்குகிறது. வலுக்குறைந்த மோதிரவிரலை அடிப்படை பேஸில் நிறுத்துவதே இங்கே கைக்கு நிலைத்தன்மை தருகிறது என்பதால், முதல் முறையையே நான் பற்றிக்கொள்கிறேன்.

வலது பக்கத்திலும் கட்டைகளுக்குப் பதிலாகப் பொத்தான்கள் உள்ள குரோமாட்டிக் பொத்தான் அக்கார்டியன் வாசிப்பவர்களுக்கு இந்தக் கருவி இன்னும் தேவையற்றது. அங்கே மூன்று அடிப்படை வரிசைகளோடு அவற்றின் நகலாக இரண்டு வரிசைகள் சேர்ந்து ஐந்தாகும்போது, பல சுரங்களுக்கு இரண்டு இடங்கள் கிடைக்கின்றன. ஒரு சுருதியில் பழகிய விரல் வடிவத்தை அப்படியே எந்தச் சுருதிக்கும் கொண்டுசெல்லலாம். பெருவிரலைப் பலகைக்குப் பின்னால் ஊன்றி நான்கு விரலால் வாசிப்பதா, அதையும் முன்னால் கொண்டுவந்து ஐந்து விரலால் வாசிப்பதா என்ற பழைய வாதம் அவர்களுக்குப் போதுமானது.

இதையெல்லாம் படித்த பிறகும் வாங்க விரும்புபவர்கள், முதலில் தங்கள் அக்கார்டியனைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கட்டைகள் கனமாகத் தோன்றுவதற்குத் துருப்பிடித்த அச்சுக்கம்பி, ஒன்றோடொன்று உரசும் மரக்கட்டைகள், யாரோ மாற்றிப் போட்ட விறைப்பான ஸ்பிரிங் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம்; பழுதுபார்ப்பவரிடம் காட்டினால் தீரும் விஷயங்கள் அவை. இடது கைப் பட்டை தளர்ந்திருந்தால் விரல்கள் எட்டாமல் தடுமாறும். பல கருவிகளில் அதை இறுக்குவதற்குப் பெட்டியின் மேற்புறத்தில் ஒரு திருகுச் சக்கரம் இருக்கிறது, அதை ஒருமுறைகூடத் தொடாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவை சரியாக இருந்தும் இடது கை சோர்ந்தால், கிடைப்பதிலேயே இலகுவான நிறத்தை மட்டும் வாங்குங்கள். வாசிப்பதற்குச் சற்று முன் இதைப் பயன்படுத்த வேண்டாம்; நசுக்கிக் களைத்த தசைகளோடு மெல்லிய சுரங்களைத் தொட்டால் விரல் தேவைக்கு மேல் ஆழமாக இறங்குகிறது. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் பொத்தான் முழுவதும் எழும்வரை விரலைத் தளர்த்துங்கள், மற்ற மூன்று விரல்களும் இறுகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்கையிலோ மணிக்கட்டிலோ வலி, மரமரப்பு, கூச்சம் ஏற்கெனவே இருப்பவர்கள் இதைத் தொடாமல் மருத்துவரையோ இயன்முறை சிகிச்சையாளரையோ பார்ப்பது நல்லது. வளரும் பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். அவர்களுக்குத் தேவை கைக்கு ஏற்ற சிறிய அளவு அக்கார்டியனும், தாளின் ஓரத்தில் பொறுமையாக விரல் எண்களைக் குறித்துத் தரும் ஓர் ஆசிரியரும்.